குதிரை முடியில் லைன், நாய் வால் முடியில் ஈ... ஆற்றங்கரை மரியாதை சொன்ன துணிக்கடைக்காரர்!

இன்ஸ்டா ரீல்ஸில் இந்தக் காட்சியை ஒரு தடவையாவது கடந்து வந்திருப்பீங்க. முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் ஒருத்தர் நிற்கிறார். அவர் கையை முன்னும் பின்னும் அசைக்க, தூண்டில் லைன் காற்றில் வளையம் வளையமா சுத்துது. கரையில் அவரோட நாய் காதைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பின்னணியில் மெல்லிசா ஒரு கிதார் இசை.

இதுதான் ஃப்ளை ஃபிஷிங். நம்ம ஊர் தூண்டில்ல மண்புழு மாட்டுவோம் இல்லையா? இதில் புழு கிடையாது. இறகு, முடி, நூல் எல்லாம் வச்சு முள்ளைச் சுத்திக் கட்டி, பார்க்கிறதுக்குப் பூச்சி மாதிரியே ஒரு பொய் ஈ செய்வாங்க. தண்ணீர் மேல பூச்சி வந்து உட்கார்ந்திருக்குன்னு நம்பி மீன் பாயணும். அதுதான் விளையாட்டே!

இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுக்க ஒரு பெயரை மட்டும் தவிர்க்க முடியாது. ஐசக் வால்டன். இவர் மீனவர் இல்லை, பிரபு இல்லை, பேராசிரியரும் இல்லை. லண்டனில் துணி வியாபாரம் செஞ்ச ஒரு மனுஷன். அவர் எழுதின ஒரு புத்தகம் 370 வருஷத்துக்கும் மேல அச்சில் இருக்கு. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாமா?

ஸ்டாஃபோர்ட் பையன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்ட்னு ஒரு ஊர். அங்கேதான் 1593-ல் வால்டன் பிறந்தார். அப்பா ஒரு மதுக்கடை நடத்தியவர். பையனுக்கு 4 வயசு ஆகுறதுக்குள்ள அவர் இறந்துட்டார். அம்மா மறுமணம் செஞ்சுக்கிட்டாங்க. வால்டன் பெரிய பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம்னு எங்கேயும் போகலை. இளம் வயசிலேயே லண்டனுக்கு வந்து, உறவினர் ஒருத்தர்கிட்ட தொழில் பழகுற பையனா சேர்ந்தார்.

1618-ல் இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். பெயர்தான் இரும்பு வியாபாரிகள் சங்கம். அவர் விற்றது துணி! அந்தக் காலத்து லண்டனில் எந்தச் சங்கத்தில் தொழில் பழகினீங்களோ அதில்தான் உறுப்பினர் ஆவீங்க. கடையில் என்ன விற்கிறீங்க என்பது வேற கதை.

ஃப்ளீட் தெருப் பக்கம் கடை. அந்தப் பகுதி தேவாலயத்தின் பாதிரியார் யார் தெரியுமா? ஆங்கில இலக்கியம் படிச்சவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கவிஞர் ஜான் டன். துணிக்கடைக்காரருக்கும் கவிஞருக்கும் நட்பு உருவாச்சு. டன் இறந்த பிறகு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுத வேண்டியவர் ஹென்றி வாட்டன். இவர் முன்னாள் தூதர், வால்டனின் தூண்டில் கூட்டாளியும்கூட. எழுதாமலேயே 1639-ல் அவரும் இறந்துட்டார். தகவல் திரட்டிக் கொடுத்துக்கிட்டிருந்த வால்டனே உட்கார்ந்து எழுதினார். 1640-ல் அந்த வரலாறு வெளியாச்சு. கல்லூரி வாசல் மிதிக்காதவர் 47 வயசில் எழுத்தாளர் ஆனார்.

வீட்டுக்குள் விழுந்த இடிகள்

அதே 1640 அவருக்குக் கொடுமையான வருஷமும்கூட. 1626-ல் அவர் கல்யாணம் செஞ்சுக்கிட்ட ரேச்சல் அந்த வருஷம் இறந்துபோனாங்க. அவங்களுக்குப் பிறந்தது 7 குழந்தைகள். ஒருத்தர்கூட தங்கலை. அத்தனை பேரும் சின்ன வயசிலேயே போயிட்டாங்க.

பிறகு, 1640-களின் பிற்பகுதியில் ஆன் கென் என்பவரை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன் தங்கினாங்க. 1662-ல் ஆனும் இறந்துட்டாங்க.

நாம இன்னைக்குப் படிக்கிற அவரோட மீன்பிடி புத்தகத்தில் இந்தத் துக்கம் பற்றி ஒண்ணுமே இல்லை. பூத்துக்கிடக்கும் புல்வெளி, பால்காரப் பெண்ணின் பாட்டு, மழைக்கு ஒதுங்குற வேலி, ராத்திரி சத்திரத்தில் சூடான சாப்பாடு. இதைத்தான் எழுதினார். அதைப் படிச்சுட்டு, கவலையே தெரியாத மனுஷன் எழுதினதுன்னு நினைச்சா நாம ஏமாந்துட்டோம்னு அர்த்தம்.

ராஜாவின் நகையோடு ஒரு பயணம்

வீட்டுக்கு வெளியேயும் நிம்மதி இல்லை. 1642-ல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். ராஜா ஒரு பக்கம், பாராளுமன்றம் ஒரு பக்கம். வால்டன் ராஜா கட்சி. 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையையே வெட்டிட்டாங்க. வால்டனின் நண்பர்களான பாதிரியார்கள் பலர் பதவியை இழந்தாங்க.

1651 செப்டம்பரில் வூஸ்டர் போர். தோற்றுப்போன இளவரசர், பின்னாளில் இரண்டாம் சார்லஸ், தப்பி ஓடினார். அவரோட அரச சின்னமான ஒரு நகை ஸ்டாஃபோர்ட் பக்கம் ஒளிச்சு வைக்கப்பட்டிருந்தது. அதை லண்டன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும். மாட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. அந்த வேலையைச் செஞ்சது 58 வயசு வால்டன். லண்டன் கோபுரச் சிறையில் இருந்த ராஜ விசுவாசியான அதிகாரி ஒருத்தர் கைக்கு நகை போச்சு. அவர் சிறையிலிருந்து தப்பிச்சு அதை உரியவர்கிட்ட சேர்த்தார்.

இவ்வளவு நடந்த பிறகு, 1653-ல்தான் அந்தப் புத்தகம் வந்தது. தி கம்ப்ளீட் ஆங்லர். முழுமையான தூண்டில்காரன்னு அர்த்தம் சொல்லலாம். விலை ஒன்றரை ஷில்லிங். நாடே சண்டையில் கிடந்தபோது, ஆற்றங்கரையில் பொறுமையா உட்காருவதைப் பற்றி ஒரு புத்தகம்!

மூணு பேர் நடந்து போறாங்க...

புத்தகத்தின் அமைப்பு ரொம்ப எளிமை. ஒரு மே மாதக் காலை. லண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாம் பக்கம் மூணு பேர் சந்திக்கிறாங்க. ஒருத்தர் தூண்டில்காரர், ஒருத்தர் வேட்டைக்காரர், ஒருத்தர் பருந்து பழக்குபவர். என் பொழுதுபோக்குதான் உசத்தின்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டே நடக்கிறாங்க. முதல் பதிப்பில் ரெண்டு பேர்தான். 1655-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மூணு பேர் ஆனாங்க. கடைசியில் வேட்டைக்காரர் தூண்டில்காரருக்குச் சிஷ்யன் ஆகிடுறார். லீ ஆற்றங்கரையில் பாடம் தொடங்குது.

வால்டன் சொல்ற விதிகள் எளிமையானவை. கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நில்லுங்க. உங்க நிழல் தண்ணீரில் விழக் கூடாது. ஒரு பறவையின் நிழலுக்கே மீன் அடியில் போயிடும். ஈ மட்டும்தான் தண்ணீரைத் தொடணும், லைன் தொடக் கூடாது. பிடிச்ச மீனை வழியில் பார்க்கிற ஏழைகளோடு பகிர்ந்துக்கணும். அவரோட தூண்டில்காரர், பால்காரப் பெண்ணுக்கு மீனைக் கொடுத்துட்டுப் பதிலுக்குப் பாட்டு கேட்கிறார்.

இன்னொரு விஷயத்தில் அவருக்குக் கோபமே வருது. மீன்கள் முட்டையிடும் மாதங்களில் பிடிக்கிறவங்க, சின்னக் குஞ்சுகளைக்கூட விடாத வலைக்காரங்க மேலதான் அந்தக் கோபம். இதைத் தடுக்க 13-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் சட்டம் இருக்கு, ஆனா யாரும் அமல்படுத்துறதில்லைன்னு வருத்தப்படுறார். எல்லாரும் பொறுப்பு என்றால் கடைசியில் யாருமே பொறுப்பு எடுக்க மாட்டாங்க என்பது அவர் ஆதங்கம். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்!

இன்னைக்கு இங்கிலாந்து ஆறுகளில் ட்ரவுட், சால்மன் தவிர்த்த பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரை தடைக்காலம். ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் தனித்தனியாத் தடைக்காலங்கள் உண்டு.

கியர் என்ன வச்சிருந்தார்?

இப்போ ஃப்ளை ஃபிஷிங் ஆரம்பிக்கணும்னா கார்பன் ஃபைபர் ராடு, ரீல், ஃப்ளை லைன், நுனியில் கட்ட மெல்லிய நைலான், முழுக்கால் ரப்பர் உடை, போலராய்டு கண்ணாடின்னு லிஸ்ட் நீளும். வால்டன் காலத்தில்?

ராடு மரத்தில் செஞ்சது. ஃப்ளைக்கான ராடு 15-லிருந்து 18 அடி நீளம்! ஒரு மாடி வீட்டு உயரத்தைத் தாண்டும். லைன் என்பது குதிரை வால் முடி. பல முடிகளைச் சேர்த்துத் திரிச்சு, நுனிக்கு வர வர முடிகளைக் குறைச்சு, முள்ளுக்குப் பக்கத்தில் ஒண்ணு ரெண்டு முடியோடு நிறுத்துவாங்க. பெரும்பாலும் ரீல் கிடையாது. லைனை ராடு நுனியிலேயே கட்டிடுவாங்க. சால்மன் மாதிரி பெரிய மீனுக்குச் சிலர் ராடில் ஒரு சக்கரம் மாட்டுறாங்கன்னு வால்டன் புதுசா ஒரு விஷயம் போலச் சொல்றார். அதுதான் ரீலின் தாத்தா.

ஒற்றை முடியில் ஒரு பெரிய ட்ரவுட்டை இழுக்கிறதை யோசிச்சுப் பாருங்க. சட்டுன்னு இழுத்தா அறுந்துடும். அதனால் பொறுமை என்பது அங்கே அறிவுரையா இல்லாமல், கருவியிலேயே இருந்தது.

வளர்ப்பு மகனும் 65 ஈக்களும்

ஒரு உண்மையையும் சொல்லிடணும். ஃப்ளை ஃபிஷிங்கின் தலைமகன்னு கொண்டாடப்படுற வால்டனுக்கு அதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை! புழு, வெட்டுக்கிளி, உயிர் இரை இதில்தான் அவர் கில்லாடி. அவர் கொடுத்த 12 ஈக்களின் பட்டியல் 1496-ல் அச்சான பழைய நூலின் பட்டியலை ஒட்டியது. ஃப்ளை பற்றிய பகுதிக்கு, 1651-ல் தூண்டில் நூல் எழுதிய தாமஸ் பார்க்கர் என்ற சமையல் கலைஞருக்கு நன்றியும் சொல்லியிருக்கார்.

குறையைத் தீர்த்தவர் சார்லஸ் காட்டன். வால்டனைவிட 37 வயசு இளையவர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், எப்போதும் கடனில் தவிச்சவர். டவ் ஆற்றங்கரையில் அவருக்கு நிலம் இருந்தது. வால்டன் அவரை மகனாகவே நடத்தினார். 1674-ல் அந்தக் கரையில் காட்டன் ஒரு சின்னக் கல் வீடு கட்டி, வாசலில் ரெண்டு பேரின் பெயர் எழுத்துகளையும் பின்னிப் பிணைச்சு செதுக்கி வச்சார். அந்த வீடு இன்னும் நிற்குது.

1676-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், காட்டன் எழுதின ஃப்ளை ஃபிஷிங் பகுதி இரண்டாம் பாகமா சேர்ந்தது. எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று 65 ஈக்கள். மெல்லிய லைன், தூரமான வீச்சு என்ற அவர் கொள்கைதான் இன்னைக்கும் ஆற்று ட்ரவுட் பிடிக்கிறவங்களின் பாலபாடம்.

காட்டனின் பட்டியலில் ஜனவரி மாத ஈ எதில் செய்யணும் தெரியுமா? நீண்ட முடி உள்ள கறுப்பு நாயின் வால் முடியில்! அந்த முடிதான் பழுப்புச் சிவப்பா மாறும், குட்டை முடி நாய் சரிப்படாதுன்னு விளக்கம் வேற. ஃப்ளை ஃபிஷிங்குக்கும் நாய்க்கும் உள்ள பந்தம் அவ்வளவு பழசு.

நாயும் நீர்நாயும்

வால்டனின் புத்தகத்தில் நாய்கள் வேற ஒரு வேலையும் செய்யுது. ரெண்டாம் நாள் காலையில் ஒரு வேட்டை. நாய்க்கூட்டம் சேர்ந்து ஒரு நீர்நாயைத் துரத்துது. ஸ்வீட்லிப்ஸ்னு பெயர் வச்ச நாய் அதில் ஒண்ணு. பிடிபட்டது பெண் நீர்நாய். குட்டிகளையும் தேடிப்போறாங்க, ஒண்ணை மட்டும் பழக்கி வளர்க்கலாம்னு தூண்டில்காரர் கேட்கிறார். ஆனாலும், மென்மையான அந்த மனுஷனுக்கு நீர்நாய் என்றாலே ஆகாது. மீனைத் தின்னுதாம்!

தானும் மீன் பிடிக்கிற ஒருத்தர், மீன் பிடிக்கிற இன்னொரு உயிரை வெறுக்கிறார். இதைப் படிக்கும்போது நமக்கு நெருடும். நெருடணும்.

அந்த வேட்டை 300 வருஷம் தொடர்ந்தது. 1978-ல்தான் இங்கிலாந்தில் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வேட்டையாலும் பூச்சிக்கொல்லி விஷத்தாலும் பெரும்பாலான ஆறுகளில் அதற்குள் அது காணாமல் போயிருந்தது. ஆறுகள் மெள்ள மெள்ளச் சுத்தமாக, 2011-ல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் மறுபடி தென்பட்டது.

திட்டினவங்களும் உண்டு

வால்டனுக்கு ஹேட்டர்ஸும் இருந்தாங்க. அவர் காலத்திலேயே வாழ்ந்த ரிச்சர்ட் ஃபிராங்க், எதிர்க்கட்சி சிப்பாய், வால்டன் மத்தவங்க புத்தகங்களைப் பார்த்துக் காப்பியடிச்சவர்னு சாடினார். 1577-ல் வந்த ஒரு பழைய தூண்டில் நூல் 1950-களில் கண்டெடுக்கப்பட்டபோது, வால்டனின் உரையாடல் அமைப்பு அதில் ஏற்கெனவே இருந்தது தெரிஞ்சது.

அடுத்தது தவளை. உயிருள்ள தவளையை முள்ளில் எப்படிக் கோர்ப்பதுன்னு வால்டன் விளக்குவார். அதை நோகாமல் பாசமாக் கையாளணும்னும் சொல்வார். காரணம், ரொம்ப நேரம் உயிரோடு இருந்தால்தான் இரையாகப் பயன்படும்! கவிஞர் பைரன் தன் டான் ஜுவான் காவியத்தில் வால்டனைக் கொடூரமான கிழவர்னு சாடியதுக்குப் பின்னால் நியாயம் இருக்குன்னு உங்களுக்குத் தோணலாம்.

ரெண்டும் உண்மை. மனிதர்கள்மேல் அவ்வளவு கனிவா இருந்த ஒருத்தருக்கு, தவளையும் நீர்நாயும் கண்ணில் படலை. நம்ம கண்ணில் படாதது எதுன்னு யோசிக்கத்தான் இந்தக் கதை.

கடைசிக் குளிர்காலம்

வால்டன் கடைசி வருஷங்களை வின்செஸ்டரில் மகள் குடும்பத்தோடு கழிச்சார். 1683 ஆகஸ்ட்டில் உயில் எழுதினார். ஸ்டாஃபோர்ட் அருகே ஷாலோஃபோர்டில் இருந்த பண்ணை ஊருக்குப் போகணும். அதன் வருமானத்தில் ஏழைப் பையன்கள் ரெண்டு பேர் தொழில் பழகணும், ஒரு பணிப்பெண்ணுக்குக் கல்யாண உதவி, கடுங்குளிரில் ஏழை வீடுகளுக்கு நிலக்கரி. தொழில் பழக லண்டன் வந்த பையன், அந்த வழியை வேற பையன்களுக்கும் திறந்து வச்சுட்டுப் போனார்.

அந்த வருஷம் டிசம்பர் 15 அன்று, தேம்ஸ் நதியே உறைந்த அந்தப் பெருங்குளிர்காலத்தில், 90 வயசில் இறந்தார். வின்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம். ஷாலோஃபோர்டில் இருந்த ஓலைக்கூரை வீடு, ரயில் இன்ஜின் தீப்பொறியால் 1927-லும் 1938-லும் எரிஞ்சது. இப்போ ஓட்டுக்கூரையோடு அருங்காட்சியகமா இருக்கு. 1922-ல் சிகாகோவில் 54 தூண்டில்காரர்கள் ஆறுகள் மாசாவதை எதிர்த்து ஒரு அமைப்பு தொடங்கினப்போ, அதற்கு வைத்த பெயர் ஐசக் வால்டன் லீக்.

இப்போ உங்க முறை!

டவ் மாதிரி ஒரு ஓடைக்கு நாயோடு போறீங்கன்னு வச்சுக்கோங்க. வால்டன் விதிகளை இன்னைக்கு எப்படி நீட்டலாம்?

முதலில் வந்தவருக்கே இடம்: ஒருத்தர் ஓடையில் மேல்நோக்கி நகர்ந்துகிட்டே பிடிக்கிறார்னா, அவருக்கு முன்னாடி போய் இறங்காதீங்க. கரையைவிட்டு விலகி, சுத்திப் போங்க. உங்க நாயும் அப்படித்தான். அது ஒரே ஒரு தடவை தண்ணீரில் குதிச்சா போதும், அந்த மடுவில் மீன் ரொம்ப நேரத்துக்குத் தலைகாட்டாது.

பின்னால் பார்த்து வீசுங்க: ஃப்ளை லைன் முன்னால் போற அளவுக்குப் பின்னாலும் போகும். பின்னால் நாய் ஓடிக்கிட்டிருந்தா முள் அதன் காதில் மாட்டும். கொக்கி மடிப்பு இல்லாத முள் பயன்படுத்தினா, நாய்க்கோ மீனுக்கோ மாட்டினாலும் எளிதாக் கழற்றலாம். அறுந்த லைனைக் கரையில் போடாதீங்க. பறவை காலில் சுத்தும். நாய் முள்ளோடு சேர்த்து விழுங்கும்.

கூழாங்கல் தொட்டில்: ட்ரவுட் குளிர்காலத்தில் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடும். வசந்தம் வரை குஞ்சுகள் அதற்குள்தான். ஆழமில்லாத அந்தக் கல் பரப்பில் நீங்களும் நடக்காதீங்க, நாயையும் தோண்ட விடாதீங்க.

கூடு கட்டும் காலம்: இங்கிலாந்தின் திறந்தவெளி அனுமதி நிலங்களில் மார்ச் 1-லிருந்து ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில்தான் வச்சிருக்கணும். தரையில் கூடு கட்டுற பறவைகளுக்காக. ஆடு, மாடு பக்கத்தில் இருந்தா எந்த மாதமும் வார் கட்டாயம்.

மீனை விடும்போது: கையை முதலில் நனைச்சுக்கோங்க. மீனைத் தண்ணீரிலேயே வச்சு முள்ளை எடுங்க. செல்ஃபி ஆசையில் நாயின் மூக்குப் பக்கம் நீட்டாதீங்க.

கடைசியா, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு. நாய்களின் பிடரியில் தெள்ளுப்பூச்சிக்காகச் சொட்டு மருந்து விடுவாங்க இல்லையா? அதில் இருக்கும் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்ற ரசாயனங்கள் ஆற்றுப் பூச்சிகளையும் கொல்லும். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த மாதிரிகளை அலசினாங்க. ஃபிப்ரோனில் 98 சதவிகித மாதிரிகளில் இருந்தது! மருந்து போட்ட நாயைக் குளிப்பாட்டுற தண்ணீர் வடிகால் வழியா ஆற்றுக்குப் போகும். நாய் நேரா நீந்தினா சொல்லவே வேண்டாம்.

அந்தப் பூச்சிகள்தான் ட்ரவுட்டின் சாப்பாடு. அவற்றைப் பார்த்துத்தான் காட்டன் 65 ஈக்களைக் கட்டினார். பூச்சி போயிட்டா, பொய் ஈயைக் கட்டி என்ன பண்ண? அதனால், சொட்டு மருந்து அவசியமா, வேற வழி இருக்கான்னு உங்க கால்நடை மருத்துவர்கிட்ட கேளுங்க. போட்டிருந்தா, அந்த நாட்களில் நாயைத் தண்ணீரில் இறக்காதீங்க.

வால்டனுக்கு நீர்நாய் எதிரியாத் தெரிஞ்சது. நமக்கு நம்ம செல்ல நாய் கழுத்தில் விடுற ரெண்டு சொட்டு, ஒண்ணுமில்லாத விஷயமாத் தெரியுது. அடுத்த தடவை ஏதாவது ஒரு ஆற்றங்கரைக்கு நாயோடு போகும்போது, இறங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க. உங்க நிழல் தண்ணீரில் எங்கே விழுதுன்னு!